ஆறு மணி இடத்தில் ஒரு மயிரிழை

பழைய ரிவால்வர் ஒன்றை விலை பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "இதுவரைக்கும் எவ்வளவு சுட்டிருக்கும்?" என்பதுதான். தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் பூட்டு தளர்ந்திருக்குமா, பேரலின் உட்புறம் தேய்ந்திருக்குமா என்று ஊகிக்க அந்தக் கேள்வி உதவும். ஃபிரேமில், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தில், விரிசல் இருக்கிறதா என்பதற்கு மட்டும் அதில் பதில் கிடைக்காது. ஓயாமல் சுடப்பட்ட எஃகு ஃபிரேம் பழுதில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதிகம் தொடப்படாத அலுமினிய ஃபிரேம் பேரலுக்கு அடியில் பிளந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியின் கதையை விற்பவர் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் உலோகத்தைப் பார்த்து எடுங்கள்.

சிலிண்டர், பேரல், ஸ்பிரிங் எல்லாம் மாற்றக்கூடியவை. ஃபிரேம் அப்படியல்ல. மற்ற உறுப்புகள் அத்தனையும் அதில்தான் தொங்குகின்றன. வரிசை எண் பெரும்பாலும் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் ஃபிரேம்தான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரிபாகம். அதனால் ஃபிரேம் போனால் துப்பாக்கியே போனதாகத்தான் கணக்கு. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மெருகையும் கைப்பிடியின் மரத்தையும் ரசித்துவிட்டு, ஃபிரேமை ஒரு பார்வையோடு விட்டுவிடுவது எனக்கு எப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

விரிசல் எங்கே வரும் என்று தெரிய, சுடும் கணத்தில் ஃபிரேமுக்கு என்ன நேர்கிறது என்று தெரிய வேண்டும். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அதே தோட்டாவின், அழுத்தம் கூட்டிய 'பிளஸ் பி' வகைக்கு 20,000. .357 மேக்னத்துக்கு 35,000. தோட்டாக் கூட்டின் உட்பரப்போடு பெருக்கிப் பார்த்தால், சாதாரண .38 தோட்டாவே ஒரு நொடியின் சிறு துணுக்கில் ஏறத்தாழ 750 கிலோ எடைக்கு ஈடான விசையோடு பின்பக்கம் உந்துகிறது. மேக்னம் 1,500 கிலோவைத் தாண்டும். கூட்டின் சுவர், அது உட்கார்ந்திருக்கும் அறையான சேம்பரைப் பற்றிக்கொள்வதால் இதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த உந்தலைப் பின்பக்கம் வாங்கிக்கொள்வது, சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபிரேமின் சுவரான ரீகாயில் ஷீல்டு. அதே நேரத்தில் குண்டு பேரலுக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து பேரலை முன்பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஃபிரேம் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நீண்டு, மறுபடி சுருங்குகிறது.

இந்த இழுவிசை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. உலோகம் மெலிந்த இடம், கூர்மையான உள்மூலை, துளை, மரை வெட்டிய இடம் ஆகியவற்றில் குவியும். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர்களில் இவை அத்தனையும் ஒன்றாகச் சேரும் ஓர் இடம் உண்டு. பேரலின் வாயை நேராகப் பார்த்து அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஆறு மணி இருக்கும் இடம். பேரலைத் திருகியிருக்கும் மரைவளையத்தின் அடிப்பகுதி அது. சிலிண்டரைத் தாங்கும் கிரேன் மடங்கி உள்ளே உட்கார வழிவிட வேண்டும் என்பதற்காக, அந்த வளையத்தின் கீழ்ப்பக்கத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். சின்ன ரிவால்வர்களில் அங்கே மிஞ்சுகிற உலோகம் மிக மெல்லியது. மேலே மரை, கீழே குடைவு, நடுவே ஒரு மெல்லிய பாலம்.

அந்தப் பாலம் சுடுவதற்கு முன்பே பாரம் சுமக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. பேரலை ஃபிரேமில் திருகும்போது, அதன் தோள்பட்டை ஃபிரேமின் முகத்தில் வந்து முட்டிய பிறகும் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் முன்பார்வைக் குறியைப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவருவார்கள். பழைய ஒற்றைத்துண்டு பேரல்கள் பெரும்பாலும் இப்படிப் பொருத்தப்பட்டவை. அளவு சரியாக அமைந்தால் இறுக்கமும் அளவோடு இருக்கும். குறியை நேராக்குவதற்காகக் கூடுதலாக முறுக்கியிருந்தால், மரைவளையம் முழுவதும் நிரந்தர இழுவிசையில் நிற்கும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலும் அந்த இழுவிசை குறையாது. ஒரு தோட்டாகூடச் சுடாமல் வைத்திருந்தாலும், பாரம் அங்கே இருந்துகொண்டேதான் இருக்கிறது.

பொருத்தும்போது உள்ளே தங்கிவிடும் இழுவிசை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு, அலுமினியத்தோடு தொடர்பே இல்லாத ஓர் உதாரணம் உண்டு. 1979-இல் வந்த ரூகர் ரெட்ஹாக் .44 மேக்னம், உறுதிக்குப் பெயர்பெற்ற எஃகு ரிவால்வர். அதன் தொடக்ககாலத் துப்பாக்கிகள் சிலவற்றில் பேரல் மரை இருக்குமிடத்திலேயே முறிந்து கழன்றது. பொருத்தும்போது மரையில் தடவிய மசகுப் பொருளும், இறுக்கத்தால் உள்ளே நின்ற இழுவிசையும் சேர்ந்து உலோகத்தை அரித்துப் பிளந்திருக்கின்றன என்று பின்னர் கண்டறிந்தார்கள். தோட்டாவின் பலத்தைக் குற்றம் சொல்ல அங்கே இடமில்லை.

இனி அலுமினியம். 1950-களின் தொடக்கத்தில் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டு நிறுவனங்களும் இடுப்பில் எடை தெரியாத ரிவால்வர் செய்யும் போட்டியில் இறங்கின. கோல்ட் கோப்ரா, ஸ்மித்தின் 'ஏர்வெயிட்' வரிசை எல்லாம் அந்தக் காலத்துப் பிறப்புகள். அமெரிக்க விமானப்படை இன்னும் ஒருபடி மேலே போய், விமானிகளுக்காக ஃபிரேம், சிலிண்டர் இரண்டும் அலுமினியத்தில் செய்த ரிவால்வரைக் கேட்டு வாங்கியது. அந்தச் சிலிண்டர்கள் தாங்கவில்லை. அழுத்தம் குறைந்த எம்41 என்ற தோட்டாவைத் தனியாக உருவாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த 1950-களின் இறுதியிலேயே பெரும்பாலான துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். எஃகுச் சிலிண்டரும் அலுமினிய ஃபிரேமும் கொண்ட ஏர்வெயிட் வகை மட்டும் நிலைத்தது. இன்றும் பையில் வைத்துக்கொள்ளும் சிறு ரிவால்வர் என்றால் பலரும் அதைத்தான் தேடுகிறார்கள். தேடுவதில் தவறில்லை. நல்ல துப்பாக்கிகள் அவை. அந்த உலோகத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டு தேட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குணத்தை உலோகச் சோர்வு என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் ஏன் எதிர்பாராமல் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவை கொடுத்தால் உடைக்காத பாரம், பல்லாயிரம் தடவை திரும்பத்திரும்பக் கொடுத்தால் உடைத்துவிடும் என்று காட்டினார். சாதாரண எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. பாரம் அதற்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை என்றாலும் நடைமுறையில் தாங்கிக்கொள்ளும். அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னப் பாரமும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். எஃகு ஃபிரேமையும் அலாய் எனப்படும் அலுமினியக் கலவை ஃபிரேமையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தத்தை ஃபிரேமில் வைத்துப் பாருங்கள். ரிவால்வர்களுக்குப் பயன்படும் சாதாரண எஃகும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் எஃகும் காந்தத்தைப் பிடிக்கும். அலுமினியம் பிடிக்காது.

பார்க்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம். துப்பாக்கியின் வாய் யாரையும் நோக்கித் திரும்பக் கூடாது. சிலிண்டரைப் படத்தில் வருவதுபோல் மணிக்கட்டால் வீசி மூடாதீர்கள், கிரேன் வளைந்துபோகும். வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்க்க வேண்டுமென்றால் விற்பவரிடம் கேட்டுவிட்டு இழுங்கள். ஃபிரேமைத் துடைக்கவும் அனுமதி கேளுங்கள். துடைக்கவே கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், நான் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

துடைப்பது முக்கியம். கார்பன் படிவும் பழைய எண்ணெயும் சேர்ந்து விரிசலை முழுவதுமாக மூடிவிடும். பேரலின் பின்முனையைச் சுற்றி, கிரேன் உட்காரும் குடைவுக்குள், நைலான் பிரஷ்ஷும் கரைப்பானும் போட்டுத் தேய்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ அந்தப் பக்கம் போகவே கூடாது. மென்மையான உலோகத்தை உரசினால் மேற்பரப்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். உள்ளே அது அப்படியே இருக்கும். சமீபத்தில் மணல்வீச்சுப் போட்டு மங்கலாக்கிய ஃபிரேம்களையும், புதுப் பூச்சு பூசிய அலாய் ஃபிரேம்களையும் நான் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது வெளிச்சம். மேலிருந்து விழும் விளக்கு விரிசலைக் காட்டாது. சின்ன டார்ச் ஒன்றை ஃபிரேமின் பரப்போடு பரப்பாகச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் லூப்பால் பாருங்கள். பிறகு டார்ச்சை மெதுவாக எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். கீறலாக இருந்தால் நிழல் பக்கம் மாறும், ஏதாவது ஒரு கோணத்தில் அதன் அடி பளிச்சிடும். விரிசலுக்கு அப்படி அடி கிடையாது. எந்தக் கோணத்திலிருந்து ஒளி வந்தாலும் அது கறுப்பாகவே நிற்கும். கீறலுக்கு இரண்டு ஓரங்களிலும் உலோகம் சற்றே மேடிட்டிருக்கும். விரிசலின் ஓரங்கள் மட்டமாக இருக்கும். கீறல் ஏதோ ஒரு கருவி போன வழியில் போகும். விரிசல் இயந்திரத் தடங்களைப் பொருட்படுத்தாமல், குறுக்கே நெளிந்து, முனையில் மெலிந்து மெலிந்து காணாமல் போகும்.

ஆறு மணி இடத்தைப் பார்க்க, சிலிண்டரைத் திறந்து, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் உட்காரும் திறப்பான ஃபிரேமின் சாளரத்துக்குள் பேரலின் பின்முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் கிரேன் குடைவுக்கும் இடைப்பட்ட அந்த மெல்லிய பாலத்தைப் பின்பக்கமிருந்தும், பிறகு குடைவின் முன்பக்கமிருந்தும் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் பேரலின் நீளத்துக்கு இணையாக, முன்பின்னாக ஓடும். வளையம் சுற்றிலும் இழுபடுவதால் அந்த இழுப்புக்குக் குறுக்கேதான் பிளவு விழும். அதனால் பாலத்தின் முகப்பில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு தெரியும். சில நேரம் முன்பக்க முகத்தில் மட்டும் தொடங்கி நின்றிருக்கும். பின்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள்.

நண்பர் ஒருவருக்காக ஒரு முறை அலாய் ஃபிரேம் சிறு ரிவால்வர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். விற்பவர் வயதானவர், நேர்மையானவர். "பொட்டிய விட்டு வெளிய எடுத்ததே இல்ல தம்பி. வாங்கி வச்சதோட சரி" என்றார். சொன்னது பொய்யில்லை. சிலிண்டர் சுழன்று சுழன்று அதன்மேல் விழும் வளையத் தடம்கூட அழுத்தமாக விழவில்லை. ரீகாயில் ஷீல்டில் கூடு உரசிய தடம் ஏறக்குறைய இல்லை. துடைத்தபோது பஞ்சில் பழைய எண்ணெயின் மஞ்சள்தான் வந்தது, கரி வரவில்லை. ஆறு மணி இடத்தில் டார்ச்சைச் சாய்த்தேன். மரையின் ஓரத்தில் தொடங்கி, சற்றே இடப்பக்கம் ஒதுங்கி, பாலத்தின் கீழ்விளிம்பு வரைக்கும் ஒரு கோடு. டார்ச்சை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதில் வெளிச்சம் ஏறவில்லை.

"ஐயா, நீங்களே ஒரு தடவை பாருங்க" என்று லூப்பை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கம்பெனியில செய்யும்போதே விழுந்த கோடா இருக்கலாமே?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். அவருடைய சம்மதத்தோடு அந்த இடத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சுண்ணத்தூளை மெல்லிசாகத் தூவினோம். சுற்றுமுற்றும் தூள் வெள்ளையாகவே இருந்தது. கோட்டின் மேல் மட்டும் ஈரம் கசிந்து நூல்போல் கறுத்தது. அவர் துப்பாக்கியை வாங்கித் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். "இத யாருக்கும் குடுக்கக் கூடாது தம்பி" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் மிகுந்த மரியாதை.

அந்த மண்ணெண்ணெய் வித்தை நான் கண்டுபிடித்ததல்ல. எண்ணெயும் சுண்ணமும் கொண்டு ரயில் பட்டறைகளில் அச்சுகளையும் சக்கரங்களையும் சோதித்த முறை அது; ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. இன்று அதற்குப் பதிலாகச் சாய ஊடுருவல் சோதனைக்கான ஸ்பிரே டப்பாக்கள் மூன்றாகக் கிடைக்கின்றன: சுத்திகரிப்பான், சிவப்புச் சாயம், டெவலப்பர். சாயத்தைப் பூசிப் பத்திலிருந்து இருபது நிமிடம் விட வேண்டும். பிறகு சுத்திகரிப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். நேரடியாக ஸ்பிரே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவப்பட்டுவிடும். கடைசியில் டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துப் பொறுத்திருந்தால், உள்ளே பதுங்கிய சாயம் வெள்ளைப் படலத்தில் சிவப்பாக ஊறிவரும். இங்கே ஓர் எச்சரிக்கை. பேரலும் ஃபிரேமும் சேரும் இணைப்புக்கோடு எப்போதுமே சிவப்பாகக் காட்டும். அங்கே இயல்பாகவே இடுக்கு இருக்கிறது. அதைக் கண்டு பதற வேண்டாம். அந்த வட்டத்திலிருந்து விலகி, ஃபிரேமின் உலோகத்துக்குள் சிவப்பு ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

எஃகு ஃபிரேமுக்குக் காந்தத்துகள் சோதனை இன்னும் கூர்மையானது. மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்கும் பிளவையும் காட்டும். அதற்குக் கருவியும் பழகிய ஆளும் வேண்டும். முடிந்ததும் காந்தத்தன்மையை நீக்கவும் வேண்டும். எஞ்சின் புதுப்பிக்கும் பட்டறைகள் பலவற்றில் இந்தக் கருவி இருக்கும். ஆனால் துப்பாக்கியைக் கொண்டுபோவதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைதான் சரியான இடம். அலுமினியத்துக்கு இது உதவாது.

விரிசல் அல்லாததை விரிசல் என்று நினைத்து நல்ல துப்பாக்கியை ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதிகம் ஏமாற்றுவது, உள்பொறியை மூடும் பக்கத்தட்டான சைடு பிளேட்டின் இணைப்புக்கோடு. ஸ்மித் ரிவால்வர்களில் வலப்பக்கம், பழைய கோல்ட்களில் இடப்பக்கம் இருக்கும். நன்றாகப் பொருத்திய தட்டின் கோடு மயிரிழையாகத்தான் தெரியும். வெளிச்சம் குறைவாக இருந்தால் விரிசலேதான் என்று தோன்றும். அதன் பாதையைத் தொடர்ந்து பாருங்கள். ஒழுங்கான வளைவாகப் போய்த் தட்டின் வடிவத்தை வரைந்து காட்டும். அந்தக் கோட்டில் திருப்புளி நெம்பிய காயம் இருந்தால் அது வேறு சேதி. அந்தத் தட்டைக் கழற்ற, திருகாணிகளை எடுத்துவிட்டுக் கைப்பிடிச் சட்டத்தைப் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டு தானே எழும்பும். நெம்பியிருக்கிறார்கள் என்றால் வேலை தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. அந்தக் கை வேறு எங்கெல்லாம் போனது என்று தேட வேண்டும்.

அடுத்தது, பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு நேர்மேலே, ஃபிரேமின் மேல்பட்டையான டாப் ஸ்ட்ராப்பின் அடிப்பக்கத்தில் விழும் குறுக்குக் கோடு. சூடான வாயு பீறிட்டு உலோகத்தை அரித்த தடம் அது. மேக்னம் சுட்ட துப்பாக்கிகளில் சாதாரணம். அடி தெரியும் பள்ளமாக, ஓரம் உருண்டு இருக்கும். எஃகில் ஓரளவு ஆழம் போனபின் பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்காண்டியம் கலந்த இலகுவான ஃபிரேம்களில் அந்த இடத்தைக் காக்க மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். அது நழுவியிருக்கிறதா, தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறதா என்று பாருங்கள். இவை தவிர அலுமினியத்தின் மேல் ஏற்றும் அனோடைசிங் காப்புப் படலத்தில் விழும் நுண்வலை, வார்ப்பு ஃபிரேமில் அச்சு சேர்ந்த கோடு, வெட்டுக்கருவியின் தடம் எல்லாமே ஏமாற்றக்கூடியவை. சந்தேகம் தீராவிட்டால் எண்ணெயும் சுண்ணமும் தீர்த்துவைக்கும்.

ஆறு மணி இடத்தைத் தாண்டியும் சில இடங்கள் உண்டு. ஃபிரேம் சாளரத்தின் நான்கு உள்மூலைகள், குறிப்பாக டாப் ஸ்ட்ராப் பின்பக்கம் ரீகாயில் ஷீல்டோடு சேரும் மூலை. ஃபயரிங் பின் வெளிவரும் துளையைச் சுற்றிய பகுதி. சைடு பிளேட் திருகாணித் துளைகளின் ஓரம். கைப்பிடிப் பலகைகளைக் கழற்றினால் தெரியும் பின்சட்டம். கீழே விழுந்த துப்பாக்கியில் அங்கே அடையாளம் இருக்கும்.

ஃபிரேமைச் சேராத ஒன்றையும் இதே மூச்சில் பார்த்துவிட வேண்டும். 1955-இல் வந்து பிறகு மாடல் 19 என்று பெயர்பெற்ற ஸ்மித் .357, அதன் ஸ்டெயின்லெஸ் உறவான மாடல் 66 போன்ற நடுத்தர அளவு மேக்னங்களில், பேரலின் பின்முனையான ஃபோர்சிங் கோனின் அடிப்பக்கத்தைக் கிரேனுக்கு இடம்விட்டுத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அங்கேயும் ஆறு மணிதான். 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையுள்ள குண்டு வைத்த வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில் அந்தச் சீவிய இடம் பிளந்ததாகப் பெயர் வாங்கிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் சற்றே பெரிய எல்-ஃபிரேம் வரிசையைக் கொண்டுவந்ததற்கு மேக்னத்தை இடைவிடாமல் தாங்கும் துப்பாக்கிக்கான தேவை முக்கியக் காரணம். பேரல் பிளந்தால் பேரலை மாற்றலாம், உதிரி கிடைத்தால். ஃபிரேம் தப்பிவிடும்.

மேலிருந்து முறித்துத் திறக்கும் பழைய வெப்லி போன்றவற்றில் பார்வை கீலுக்கும் மேல்பூட்டுக்கும் போக வேண்டும். .455 வெப்லிகள் பலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் கடைந்து .45 ஏசிபி போடும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 21,000 பவுண்டு. அந்தத் துப்பாக்கி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இப்படி மாற்றப்பட்டதைக் கண்டால் கீல், பூட்டு, சிலிண்டர் மூன்றையும் சாயம் போட்டுப் பார்க்காமல் நான் கருத்தே சொல்வதில்லை. 1873-இல் தொடங்கிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனில், புகையில்லா மருந்துக்கு நிறுவனம் பொறுப்பேற்றது 1900 வாக்கில்தான். அதற்கு முந்தைய ஃபிரேம்களைக் கரிமருந்துக்கானவையாகவே நடத்துங்கள்.

கண்ணுக்கு விரிசல் தெரியாதபோதும், அளவுகள் சில குறிப்புகள் தரும். மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் பேரல்-சிலிண்டர் இடைவெளியை அளந்து பாருங்கள். 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.20 வரை இருப்பது வழக்கம். சிலிண்டரைப் பின்பக்கம் தள்ளி ஒரு முறை, முன்பக்கம் தள்ளி ஒரு முறை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்பின் ஆட்டம். அது 0.08 மில்லிமீட்டரைத் தாண்டினால் தேய்மானம் ஏறியிருக்கிறது. ஆட்டத்தை வாஷர் போட்டுச் சரிசெய்துவிடலாம். இடைவெளி பக்கத்துக்குப் பக்கம் மாறுபட்டால், அதாவது இடப்பக்கம் ஒரு தகடும் வலப்பக்கம் வேறொரு தகடும் நுழைந்தால், பேரலின் பின்முகம் சமமாக இல்லை, அல்லது கிரேனோ ஃபிரேமோ வளைந்திருக்கிறது. பின்பக்கமிருந்து பார்வைக்குறிகளின் வழியே பாருங்கள். முன்குறி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் பேரலை யாரோ கழற்றி மாட்டியிருக்கலாம். ஃபிரேம் சாளரத்துக்குள் சுத்தியல் பிடியைச் செருகி நெம்புகோலாக்கிப் பேரலைத் திருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஃபிரேமை முறுக்கிக் கெடுக்க அதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியாது. சாளரத்தின் உட்புறத்தில் நசுங்கிய தடம் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விரிசல் உறுதியானால் அந்த ரிவால்வரைச் சுடக் கூடாது. மெதுவான தோட்டா போட்டால் போதும், சும்மா ஒன்றிரண்டு சுடலாம் என்ற யோசனைகளுக்கு இடம் கொடுக்காதீர்கள். விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அங்கே இழுவிசை குவியும். அது எப்போது ஓடும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அலுமினிய ஃபிரேமை ஒட்டவைத்தும் பயனில்லை. அந்தக் கலவையின் வலிமை வெப்பப் பதத்திலிருந்து வருவது; வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், மிக அதிகப் பாரம் சுமக்க வேண்டிய அதே இடத்தில். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் துப்பாக்கி என்றால் தயாரித்த நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதிக் கேளுங்கள். மாற்றித் தருவார்களா என்பது நிறுவனத்தையும் துப்பாக்கியின் வயதையும் பொறுத்தது. அதுவரை தோட்டாக்களிடமிருந்து பிரித்து, 'ஃபிரேம் விரிசல், சுடக் கூடாது' என்று எழுதிய சீட்டைக் கட்டி வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் வேறொருவர் எடுத்துப் பார்க்கும்போது அந்தச் சீட்டுதான் அவருக்குச் சொல்லும்.

விரிசல் இல்லை என்று தெரிந்து வாங்கியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாங்கிய அன்றே ஆறு மணி இடத்தை, டார்ச்சை ஒரே கோணத்தில் சாய்த்து, மேக்ரோ லென்ஸ் வைத்த போனில் முன்னும் பின்னும் படம் எடுத்து, தேதியோடு சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை சுட்டுவிட்டுச் சுத்தம் செய்யும்போதும் அதே இடத்தைத் துடைத்து, அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். அலாய் ஃபிரேம் என்றால் இதை விடவே வேண்டாம். எஃகு ஃபிரேமுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும்.